தலைமாட்டுக் கத்தி

என் புருஷனை நான் பதினெட்டு வருஷம் உதைத்திருக்கிறேன். பேச்சுக்குச் சொல்லவில்லை. குதிகாலால், விலாவில், படுத்த இடத்திலிருந்தே, ஒரு ராத்திரிக்குப் பத்துத் தடவைக்குக் குறையாமல். ஊரில் ஆம்பளை பொம்பளையை அடிப்பான், எங்கள் வீட்டில் தலைகீழ். அவருடைய இடது விலாவில் ஒரு இடம் எப்போதும் கன்றிக் கறுத்திருக்கும். சட்டையைக் கழற்றும்போது யாராவது கேட்டால், கடா முட்டிவிட்டது என்று சொல்லிவிடுவார்.

காரணம் குறட்டை. சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள். கல்யாணமான புதிதில் நானும் சிரித்தவள்தான். “எம்புள்ள தலய சாச்சா போதும், அடிச்சிப் போட்டா மாதிரி தூங்குவான்” என்று மாமியார் பெருமையடித்துக்கொண்டார். அந்த அம்மாள் போய்ச் சேர்ந்தாயிற்று, செத்தவர்களைத் திட்டக்கூடாது. ஆனால் அந்த வார்த்தைக்காக நான் அவரைத் திட்டாத நாள் கிடையாது. குறட்டை விடுகிறவன் நன்றாகத் தூங்குகிறான் என்று எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ, அவன் வாயில் மண் விழ.

அது சாதாரணக் குறட்டையும் இல்லை. மெதுவாக ஆரம்பித்து ஏறும், ஏறும், ஓட்டு வீட்டின் சட்டம் அதிர்கிற அளவுக்கு ஏறும். பிறகு டக்கென்று நின்றுவிடும். அப்பாடா என்று நான் கண்ணை மூடுவேன். அப்போதுதான் தெரியும், நின்றது சத்தம் மட்டும் இல்லை, மூச்சும்தான். நெஞ்சு அசையாது. தொண்டை மட்டும் விக்கிக்கொண்டு கிடக்கும். நான் ஒரு உதை விடுவேன். முதலில் கொர்ரென்று ஒரு இழுப்பு, அப்புறம் புரண்டு படுப்பார், மறுபடியும் முதலிலிருந்து. மூச்சு நிற்கிறது என்று எனக்குத் தெரியும், அது வியாதி என்றுதான் தெரியாது. ஒருநாள் ஒரேயடியாக நின்றுவிட்டால் என்ன செய்வது என்கிற பயத்தில்தான் பாதி ராத்திரி உட்கார்ந்திருப்பேன். மீதிப் பாதி கோபத்தில்.

எங்களுக்குச் செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டில் ஆட்டுக்கறிக் கடை. கடைக்குப் பின்னாலேயே ஒன்றரை அறை வீடு. வெள்ளிக்கிழமை சந்தையில் ஆடு பிடிப்பார், அறுப்பார், உரிப்பார். துண்டு போடுவது, நிறுப்பது, வாடிக்கைக்காரர்களிடம் வாய்ச்சண்டை போடுவது என் வேலை. ஞாயிற்றுக்கிழமை என்றால் ரெண்டரை மணிக்கே எழுந்தாக வேண்டும். கோடையில் இந்த ஊர்ப் பாறைகள் பகலெல்லாம் குடித்த வெயிலை ராத்திரியில் கக்கும். அந்த வெக்கையில் சும்மா இருக்கிறவனுக்கே தூக்கம் வராது. குறட்டைக்குப் பக்கத்தில் படுத்தவளுக்கு எங்கே வரும்? “பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது” என்பார்கள். நித்திரை வந்தால்தானே, சுகத்தைப் பற்றிக் கவலைப்படுவதற்கு!

ராத்திரியெல்லாம் குறட்டை விட்ட மனுஷன் பகலில் தூங்கி வழிவார். கறி கேட்டு வந்தவர் காசை நீட்டிக்கொண்டு நிற்பார், இவர் கத்தியைக் கையில் பிடித்தபடியே கண் சொருகி நிற்பார். இடது கட்டைவிரல் நுனி அப்படித்தான் போனது. வெட்டுக்கட்டையில் கறியோடு கறியாகக் கிடந்ததை நான்தான் பொறுக்கி எடுத்தேன். ஒருமுறை அவலூர்பேட்டையிலிருந்து மொபெட்டில் ரெண்டு ஆட்டைக் கட்டிக்கொண்டு வரும்போது கண் அசந்து, வண்டியோடு மணிலாக் கொல்லைக்குள், கடலைச் செடி மேலேயே போய்விட்டார். ஒரு ஆட்டுக்குக் கால் முறிந்தது. இவருக்கு முன்பல் ரெண்டு போச்சு. “காலங்காத்தாலயே ஊத்திக்கினு வர்றான்” என்று ஊரே பேசியது. குடிக்காத மனுஷன் அவர். எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும், ரத்தம் ஒழுகும் வாயோடு வந்து நின்றவரின் தாடையைப் பிடித்து வாயை முகர்ந்து பார்த்தேன். வாசனை எதுவும் வரவில்லை என்கிற ஆத்திரத்திலேயே ஓங்கி ஒன்று வைத்தேன்.

என் லட்சணம் அதைவிட மோசம். தூக்கம் இல்லாதவள் மனுஷி இல்லை, சாமி சத்தியமாகச் சொல்கிறேன். பொழுது விடிந்தால் நெற்றிப்பொட்டில் சம்மட்டி அடிக்கும். நெஞ்சு காரணமில்லாமல் படபடக்கும். நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும். “எலும்பே ஜாஸ்தி போட்டுட்டியேமா” என்று ஒரு டீச்சர் அம்மா சொன்னதற்கு, கையிலிருந்த ஈரலை அவர் மூஞ்சியிலேயே விட்டெறிந்தேன். வெள்ளைப் புடவை. அந்த அம்மாள் அழுதுகொண்டே போனார். கடைசிவரை நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

அதைக்கூட விடலாம். என் மகளை அடித்தேனே, அதை எங்கே விடுவது? பத்தாம் வகுப்புப் பரீட்சை ஆரம்பிக்கிற நாள். “யம்மா, ஹால் டிக்கெட்டு எங்க வெச்ச?” என்று கேட்டது, அவ்வளவுதான். முந்தின ராத்திரி முழுக்க ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை. கையில் குழம்புக் கரண்டி இருந்தது. உதடு பிளந்துவிட்டது. யூனிபார்ம் முன்பக்கமெல்லாம் ரத்தம். அது அழவில்லை. வேறு சட்டை மாற்றிக்கொண்டு, கைக்குட்டையை வாயில் பொத்திக்கொண்டு போய்ப் பரீட்சை எழுதிவிட்டு வந்தது. அன்றைக்கு முழுக்க நான் எலும்பு வெட்டினேன், யாரும் கேட்காத எலும்பையெல்லாம் வெட்டினேன்.

அன்றைக்கே பாயைச் சுருட்டிக்கொண்டு கடைக்குள் போய்விட்டேன். தரையைக் கழுவிவிட்டு, வெட்டுக்கட்டைக்குப் பக்கத்திலேயே விரித்துப் படுத்தேன். ரத்தமும் கொழுப்புமாக நீச்சு நாற்றம்தான், ஆனால் என்ன தூக்கம் அது! நாலு ராத்திரி. அஞ்சாம் நாள் விடியற்காலையில் என் நாத்தனார், அவருடைய அக்கா, மண்டகப்பட்டிலிருந்து வந்து இறங்கினாள். யார் போய்ச் சொன்னார்களோ, ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

“புருஷன் உசுரோட இருக்கச்சே ஆட்டுத்தோலுகிட்ட போயி படுத்துக்கினுக்கிறியே, வெக்கமா இல்ல? நாலு பேரு இன்னா பேசுவாங்க?”

“நீ வேணா வந்து ஒரு ராத்திரி உன் தம்பி பக்கத்துல படுத்துப் பாரு. அப்புறம் பேசு.”

வார்த்தை தடித்தது. அவள் என் கொண்டையைப் பிடித்தாள், நான் அவள் காதைப் பிடித்தேன். கம்மல் அறுந்து கையோடு வந்தது. கறி வாங்க நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அவர் வந்து நடுவில் புகுந்து ரெண்டு பேரையும் பிய்த்து எடுத்தார். பிறகு என்னை உள்ளே கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். 

“வந்துடுமே. நாலு நாளா செத்துச் செத்துப் பொழைக்கிறேன்.”

“இன்னாச்சி?”

“நெஞ்சு மேல ஒரு கெடா ஏறி நிக்குது. தொண்டையில கால் கொளம்ப வெச்சி அழுத்துது. கத்தணும்னு பாக்கறேன், சத்தம் வர்ல. நீ ஒதச்சா எறங்கிப் போயிடும். நீ இல்லன்னா போவ மாட்டேங்குது.”

அறுக்கிறவருக்குள் இப்படியொரு பயம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. எத்தனை கழுத்து, எத்தனை வருஷம். ஒருநாளும் முகம் சுளித்தவர் கிடையாது. எனக்கு அழுகை வந்தது. பாயை எடுத்துக்கொண்டு திரும்ப உள்ளே வந்துவிட்டேன்.

இதை நாத்தனார் கேட்டுக்கொண்டிருந்தாள். கம்மல் போன கோபமெல்லாம் பறந்துவிட்டது. “ஐயோ, இது அமுக்குவான்! உசுர எடுக்கற பேயி!” என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். மறுநாளே தொண்டூர் பக்கத்திலிருந்து மந்திரிக்கிறவர் ஒருவரை ஆட்டோவில் கூட்டி வந்தாள். அவர் இவரைச் சம்மணம் போட்டு உட்காரவைத்து வேப்பிலையால் அடித்தார். அது போதாதென்று ஈரக் கயிற்றை முறுக்கி முதுகில் வீசினார். ஒவ்வொரு வீச்சுக்கும் முதுகில் ஒரு கோடு எழும்பியது. “யார்ரா நீ, சொல்றா” என்று அவர் கத்த, இவர் தலை சாய்ந்துவிட்டது. அடி விழ விழ மனுஷன் தூங்கிவிட்டார்! குறட்டை வேறு. மந்திரிக்கிறவர் வேர்த்து விறுவிறுத்துப்போய், “ரொம்ப புடிவாதமான பேயி” என்று கயிற்றைக் கீழே போட்டார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

போகும்போது ஒரு வழி சொல்லிவிட்டுப் போனார். தலைமாட்டில் இரும்பு வைக்க வேண்டும், இரும்புக்குப் பேய் அண்டாது. இது எல்லார் வீட்டிலும் செய்வதுதான். பிள்ளை பெற்றவள் பாயடியில் அரிவாள்மணை வைப்பார்கள், பயந்த பிள்ளைக்கு ஒரு ஆணியாவது வைப்பார்கள். நான் பழைய ஆணி ஒன்றைத் தேடினேன். நாத்தனார் தடுத்தாள். “ஆணிக்கு அடங்குமா இது? கெடா எதுக்கு பயந்துச்சோ அதயே வையி.” அந்த நேரத்துக்கு அதுதான் நியாயமாகப் பட்டது. அறுக்கிற கத்தியைக் கழுவித் துடைத்து, துணிகூடச் சுற்றாமல், அவர் தலையணைக்கு அடியில் என் கையாலேயே வைத்தேன். வேறு யாரையும் இதில் குற்றம் சொல்ல முடியாது. கறிக்கடைக்காரியின் புத்தி அவ்வளவுதான் போயிற்று.

கத்தி வந்ததிலிருந்து அவருக்குத் தைரியம். படுக்கும்போதே கையைத் தலையணைக்கு அடியில் விட்டுப் பிடியைத் தொட்டுக்கொள்வார். மூச்சு நிற்பது மட்டும் நிற்கவில்லை. நானும் உதைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஆடி முடிந்த மறுவாரம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வியாபாரம் மும்முரமாக நடந்து, ரெண்டு மணிக்குத்தான் கடை சாத்தினோம். குடல் குழம்பும் சோறும் தின்றுவிட்டு அவர் மல்லாந்து படுத்தார், நான் பக்கத்தில் சாய்ந்தேன். மகள் வெளியே குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். குறட்டை ஏறியது, நின்றது. ஒன்று, ரெண்டு என்று எண்ணிக்கொண்டே கிடந்தேன், மூச்சு வரவில்லை. முகம் நீலம் பாரித்தது. “ஏய்யா!” என்று கத்தியபடி விலாவில் ஒரு உதை விட்டேன். ரெண்டாவது உதை கொஞ்சம் அதிகம்தான்.

ஹ்ஹாவென்று ஒரு இழுப்போடு அவர் எழுந்தார். கை தலையணைக்கு அடியிலிருந்து கத்தியோடு வந்தது. நான் தோளைத் திருப்பாமல் இருந்திருந்தால் கழுத்துதான். தோளில் ஆரம்பித்து முழங்கை வரை ஒரே இழுப்பு. முதலில் வலிக்கவே இல்லை, சூடாகத்தான் இருந்தது. பிறகு ரத்தம் சுவரில் அடித்தது. அவர் ரெண்டாவது முறை கையை ஓங்கினார். பக்கத்தில் இருந்த அம்மிக்குழவியை எடுத்து அவர் மணிக்கட்டில் போட்டேன். எலும்பு முறிகிற சத்தம் எனக்குப் பழக்கமான சத்தம், கேட்டதும் தெரிந்துவிட்டது. கத்தி விழுந்தது. மகள் ஓடி வந்து பார்த்துவிட்டு வீறிட்டாள், “நைனா! யம்மாவ வெட்டிட்டியா நைனா!”

அந்தச் சத்தத்துக்குத் தெருவே உள்ளே வந்துவிட்டது. பஞ்சர் கடைக்காரர், பழக்கடைக்காரர், யார் யாரோ. அவரைத் தலைமுடியைப் பிடித்து ரோட்டுக்கு இழுத்துப் போனார்கள். அத்தனை பேரும் அன்று காலையில் எங்களிடம் கறி வாங்கியவர்கள்தான். கரண்ட் கம்பத்தில் ஆட்டுக் கயிற்றாலேயே கட்டி, செருப்பால், டயர் ட்யூபால், கைக்குக் கிடைத்ததால் அடித்தார்கள். “குடிகார நாயே, பொண்டாட்டிய வெட்றியா?” மூக்கு உடைந்து ரத்தம் வாய்க்குள் போயிற்று. அவர் முறிந்த கை தொங்க, எதுவும் விளங்காதவர் போல் பார்த்துக்கொண்டே நின்றார். என்னைப் புடவையால் சுற்றி ஆட்டோவில் தூக்கிப் போட்டார்கள். “அடிக்காதீங்கடா!” என்று கத்தினேன் என்றுதான் நினைக்கிறேன். கத்தினேனா, கத்த நினைத்தேனா, தெரியவில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் சின்ன வயசு லேடி டாக்டர். தையல் போட்டுக்கொண்டிருக்கும்போதே அவலூர்பேட்டையிலிருந்து என் அண்ணன் வந்துவிட்டார். “இனிமே அவன வுடறதா இல்ல. கொலக் கேசு. உள்ள போயி அழுவட்டும்” என்று குதித்தார். கொஞ்ச நேரத்தில் போலீஸ்காரர் ஒருவர் என் புருஷனையும் அங்கேயே அழைத்து வந்தார், அடிபட்டதற்குச் சீட்டு வாங்க. எதிரே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். முகம் வீங்கி அடையாளமே தெரியவில்லை. உட்கார்ந்த ரெண்டாவது நிமிஷம் தலை சாய்ந்தது. குறட்டை.

“பாருங்க! பொண்டாட்டிய வெட்டிட்டு தூங்கறான் பாருங்க!” என்று அண்ணன் அவர்மேல் பாய்ந்தார். போலீஸ்காரர் அண்ணனைப் பிடித்துக்கொண்டார். குறட்டை ஏறியது. நின்றது.

டாக்டர் ஊசியைப் பிடித்த கையோடு அப்படியே திரும்பிப் பார்த்தார். “அண்ணா, யாரும் தொடாதீங்க” என்று போலீஸ்காரரிடம் சொல்லிவிட்டு நர்ஸைக் கூப்பிட்டார். கொரோனா காலத்தில் ஆக்சிஜன் பார்க்க எல்லார் விரலிலும் மாட்டினார்களே, அந்தக் கிளிப், அதை அவர் விரலில் மாட்டினார்கள். நம்பர் இறங்கியது. தொண்ணூறு, எண்பத்திரண்டு, எழுபத்தி நாலு. கொர்ரென்று இழுத்துக்கொண்டார், நம்பர் ஏறியது. மறுபடியும் குறட்டை, மறுபடியும் இறங்கியது. டாக்டர் என்னிடம் வந்தார்.

“எவ்ளோ நாளாமா இப்படி?”

“கட்டிக்கினு வந்ததுலேர்ந்து. பதினெட்டு வருசம்.”

“தூங்கும்போது தொண்டை சதை ஒட்டிக்குது. காத்து போகாது. மூளை பயந்துபோய் அவர உலுக்கி எழுப்புது. அவருக்கே தெரியாம ஒரு ராத்திரில நூத்துக்கணக்குல இப்படி எழுந்துக்கறார். இதயம், பிபி, சுகர், பக்கவாதம், எல்லாத்துக்கும் இது வழி. பகல்ல தூங்கி விழுவாரே?” நான் தலையாட்டினேன். “நெஞ்சுல யாரோ ஏறி உக்கார்ற மாதிரி சொல்வாரா?”

“கெடான்னு சொல்லுவாருமா.”

டாக்டர் சிரிக்கவில்லை. “ஆடும் இல்ல, பேயும் இல்ல. இந்த மனுசன் பதினெட்டு வருசமா தூங்கவே இல்லமா.” பிறகு என் இன்னொரு கையில் பட்டையைக் கட்டி பிபி பார்த்துவிட்டு என்னையே உற்றுப் பார்த்தார். “நீங்களுந்தான்” என்றார்.

அப்போது எனக்கு வந்த ஆத்திரத்தை எங்கே வைப்பேன்? மாமியார் மேலா, மந்திரிக்கிறவர் மேலா, நாத்தனார் மேலா? ஒரு வியாதிக்காரரை இத்தனை வருஷம் உதைத்தேனே, அந்தக் காலை வெட்டிப் போட்டால் என்ன என்று இருந்தது.

போலீஸ்காரர் நோட்டோடு வந்தார். “சொல்லுமா. தெரிஞ்சி வெட்டினானா, தூக்கத்துலயா?”

“தூக்கத்துல சார். மூச்சு முட்டி அலறி எழுந்தாரு. அவருக்கு ஒன்னும் தெரியாது.”

“ஏய்!” என்றார் அண்ணன். “கையில நரம்பு தெரியுது, பொய் சொல்றியா? இன்னிக்கி கேசு குடுக்கலன்னா எனுக்கு தங்கச்சியே இல்ல. நாளைக்கி உன் பொணத்த தூக்கக்கூட நான் வர மாட்டேன்.”

“வராத போ.” கையெழுத்துப் போட்டேன். அண்ணன் அன்றைக்குப் போனவர்தான், இதுவரை என் வாசல் மிதிக்கவில்லை. கூடப்பிறந்தவர் என்று எனக்கு அவர் ஒருவர்தான்.

அவர் கை கூடியதும் பாண்டிக்குப் போனோம். உடம்பெல்லாம் ஒயரை ஒட்டி ஒரு ராத்திரி படுக்க வைத்துப் பார்த்தார்கள். ஒரு மெஷின் எழுதிக் கொடுத்தார்கள். மூக்கில் மாஸ்க், அதிலிருந்து குழாய். அது காற்றை அழுத்தி அனுப்பும், தொண்டை ஒட்டாது. எடையைக் குறைக்கச் சொன்னார்கள், மல்லாந்து படுக்காதே என்றார்கள், பீடியை விடச் சொன்னார்கள். என் வளையல் போய் மெஷின் வந்தது. நாத்தனார் பார்த்துவிட்டு, “இன்னாடா இது, யான தும்பிக்கையாட்டம்” என்றாள். நான் அவளுடைய இன்னொரு காதைப் பார்த்தேன். கப்சிப் என்று ஆகிவிட்டாள்.

வீட்டில் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு அவர் படுத்த அன்று சத்தமே இல்லை. உஸ்ஸென்று மெஷினின் மூச்சு மட்டும். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை, செத்துவிட்டாரோ என்று மூக்கருகே கையை வைத்து வைத்துப் பார்த்தேன். ரெண்டு வாரம் போனதும் எனக்கும் வந்தது. வந்தது என்றால், வாயைத் திறந்துகொண்டு, விடிந்து வெயில் ஏறும்வரை. காலையில் மகள் முகத்தை அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தேன். உதட்டில் வெள்ளையாக ஒரு கோடு நின்றிருந்தது. தொட்டேன். தலையைத் திருப்பிக்கொண்டாள். அது இன்னும் ஆறவில்லை, அவளுக்கும் எனக்கும்.

அவர் ஆளே மாறிப்போனார். தலை நிமிர்ந்து நடந்தார். கணக்குத் தப்பாமல் சில்லறை கொடுத்தார். கம்பத்தில் கட்டி அடித்த பஞ்சர் கடைக்காரருக்கே நல்ல தொடைக்கறியாகப் போட்டுக் கொடுத்தார். ஆனால் என் கைத் தழும்பை மட்டும் பார்க்க மாட்டார். நான் ரவிக்கை மாற்றினால் எழுந்து வெளியே போய்விடுவார். தெரியாமல் செய்துவிட்ட வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை. வியாபாரம் மந்தம். அவர் தொங்கவிட்ட தொடையிலிருந்து கொழுப்பை வழித்துக்கொண்டிருந்தார், நான் எலும்பு வெட்டிக்கொண்டிருந்தேன். கொழுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“அன்னிக்கி எனுக்கு முழிப்பு வந்துட்ச்சிமே.”

“என்னிக்கி?”

“கத்தி எடுத்த அன்னிக்கி. கெடா ஒன்னும் வர்ல. நீ ஒதச்ச, கண்ண தொறந்துட்டேன். நீதான்னு தெரிஞ்சிது. இவ இல்லன்னா தூங்கலாமேன்னு தோணுச்சி. வீசிட்டேன்.”

வெட்டிய எலும்பு கையில் இருந்தது. அதை அவர் முகத்தில் எறிந்தேன். புருவம் கிழிந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. “அடப்பாவி! கூடப்பொறந்தவன வுட்டுட்டு உனுக்காக கையெழுத்து போட்டேனேடா!” இன்னொரு எலும்பையும் எறிந்தேன். அவர் நகரவில்லை, துடைக்கவும் இல்லை. “போடு” என்றார். “இன்னும் போடு.”

வெட்டுக்கத்தி என் வலது கையில்தான் இருந்தது. பார்த்தேன். வைத்துவிட்டேன். வைத்த பிறகு, யாரிடமும் சொல்லக்கூடாது என்று புதைத்து வைத்திருந்தது வாய்க்கு வந்துவிட்டது.

“போன சித்திரையில, மெசினு வர்றதுக்கு முன்ன, ஒரு ராத்திரி கரண்ட் போச்சே. உனுக்கு மூச்சு நின்னுச்சி. நான் கால மடக்கிக்கினேன். ஒதைக்கல. நின்னா நிக்கட்டும், தூங்கலாம்னு, ஒன்னு ரெண்டுன்னு எண்ணிக்கினே படுத்துக்கினு இருந்தேன்.”

அவர் கொழுப்பு வழிக்கிற கத்தியைக் கட்டைமேல் வைத்தார்.

“எத்தினி வரைக்கும் எண்ணன?”

“நாப்பது.”

“அப்புறம் ஒதச்சியா?”

“இல்ல. நீயே இழுத்துக்கின.”

அவர் தொடையை இறக்கி ஐஸ் பெட்டியில் வைத்தார், ரத்தத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார், ஷட்டரை இழுத்தார். சோறு போட்டேன், தின்றோம். பிறகு அவர் பாயில் ஒருக்களித்துப் படுத்தார். மாஸ்க்கை எப்போதும் அவரேதான் மாட்டிக்கொள்வார். அன்றைக்கு அதை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக் காட்டினார். பின்னந்தலையில் வாரை இழுத்துக் கட்டினேன். மெஷின் சுவிட்சுக்குப் போன என் கை ஒரு நொடி நின்றது. அவர் அதைப் பார்த்தார், பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

போட்டேன்.